தோட்டத்து நடையும் முதுமைக் காலமும்



"காலமெல்லாம் நடந்து உழைத்தது போதும், இனி உட்காருங்கள்" என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லாத பிள்ளைகள் நம்மில் குறைவு. அன்பினால் சொல்லும் சொல்தான் அது. ஆயினும், அந்த அன்பு அவர்களுக்கு நன்மை செய்கிறதா என்பதை நம் தோட்ட வரலாற்றைக் கொண்டே இன்று ஆராய்வோம்.

1909ஆம் ஆண்டில் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை போட்டு முடிக்கப்பட்டது. சிகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் என அப்பாதை சென்ற பகுதிகளில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் அத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும் வரை, கங்காணிகள் ஆள் சேர்த்து அனுப்புவது நடந்து வந்தது.

தோட்டத்தில் வாழ்க்கை கால்களை நம்பியே இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நடக்க வேண்டும். அங்கிருந்து வெட்டுக்காட்டுக்கு நடக்க வேண்டும். ஒருவருக்கு 500 மரங்கள் என்றும், மரத்துக்கு மரம் 15 அடி என்றும் வைத்துக் கணக்குப் போடுவோம். வெட்டிச் செல்ல ஒரு சுற்று. மங்கில் சேர்ந்த பாலை எடுக்க மறு சுற்று. ஆக 15,000 அடி. ஏறக்குறைய 3 மைல்! மேடு பள்ளத்தில், பால் வாளியைச் சுமந்து நடந்த நடை இது. லயத்துக்கும் காட்டுக்கும் இடையிலான தூரம் இக்கணக்கில் சேரவில்லை.

அந்த நடையை நாம் புகழ்ந்து பாட வரவில்லை. அது விரும்பி நடந்த நடையன்று. நடக்காவிட்டால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. வெறுங்காலோடு நடந்தவர்களைக் கொக்கிப் புழு பிடித்தது. மலேரியா பலரை மாய்த்தது. எனவே, ஓய்வு என்றாலே நடக்காமல் இருப்பதுதான் என்று நம் பெரியவர்கள் எண்ணினால் அதில் வியப்பென்ன?

பின்னர் காலம் மாறியது. ரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை வந்தது. அதற்குக் குறைந்த ஆட்களே போதுமாயினர். வேறு பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் விற்கப்பட்டன. வேலை முடிந்தவுடன் தோட்டத்து வீட்டையும் விட வேண்டியிருந்தது. பிள்ளைகள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் பக்கம் வேலைக்குச் சென்றனர். பெற்றோரும் உடன் சென்றனர். லயத்து வாசலில் இறங்கினால் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போகலாம். தாமானிலோ வாசலில் இறங்கினால் மோட்டார் சைக்கிள். அடுக்குமாடியிலோ இறங்குவதே ஒரு வேலை. பெரியவர்கள் சோம்பேறிகளாகி உட்காரவில்லை. நடப்பதற்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக அவர்களை விட்டுப் போய்விட்டன.

உட்கார்ந்தால் என்ன ஆகும்? 1953ஆம் ஆண்டில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் லண்டன் மாடி பஸ்களின் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார. நாள் முழுதும் அமர்ந்திருந்த டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நமக்கு நீரிழிவும் பெரிய கவலை. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு அந்நோய் இருந்தது. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எரிப்பதில் கால் தசைகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அவை அசையாதிருந்தால் சர்க்கரை தேங்குகிறது.

நாளுக்கு 10,000 அடி வைக்க வேண்டும் என்பார்கள். அந்த எண் 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர் விதித்த அளவன்று. சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடையே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. வெட்டுக்காட்டில் நடந்தவர்களுக்கு இது பெரிய தூரமா?

ஆகவே, முதலில் வீட்டிலுள்ளவர்கள் "உட்காருங்கள்" என்பதை விட்டு, "வாருங்கள், சேர்ந்து போவோம்" என்று அழைக்க வேண்டும். தனியே நடப்பது சலிக்கும். பழைய தோட்டத்துக்காரர் இருவர் சேர்ந்தால் பேச்சே தூரத்தைக் குறைத்துவிடும். வெயிலுக்கு முன் தாமான் திடலைச் சுற்றலாம். கோயிலுக்கு நடந்து போகலாம். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். பிறகு மெல்லக் கூட்டலாம். நீரிழிவு உள்ளவர்கள் சரியான காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். நடைபாதை உடைந்திருந்தால், விளக்கு எரியாவிட்டால், குடியிருப்பாளர் சங்கத்தின் மூலம் நகராண்மைக் கழகத்திடம் கேட்பது நம் உரிமை.

அன்று நம் பெரியவர்கள் நடந்த நடையில் பால் தோட்டத்திற்குப் போயிற்று. கூலி வீட்டுக்கு வந்தது. அவர்களுக்கென்று மிஞ்சியது சிறிதே. இனி நடக்கும் நடையின் பலன் முழுவதும் அவர்களுக்கே. நாளைக் காலை அவர்களோடு நாமும் வாசலில் இறங்குவோமாக.