எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரி

அச்சுப் புத்தகம் வருமுன்பே எங்கள் பகுதியில் நூல் பேணும் வழக்கம் இருந்தது. கண்ணகி வழக்குரை போன்ற ஏடுகளுக்குத் துளையிட்டுக் கயிறு கோத்து, மரச்சட்டங்களுக்கிடையே வைத்துத் துணியில் சுற்றுவர். பூச்சி அரிக்காமலிருக்க அடுப்புப் புகை படும் பரணில் வைப்பதும் உண்டு.

எமது வீட்டு அலுமாரியின் ஒழுங்கு அம்மாவுடையது. மேல்தட்டில் தேவாரமும் பாரதமும், நடுவில் பாடப்புத்தகங்கள், அடித்தட்டில் கதைப் புத்தகங்கள். இடையிடையே காய்ந்த வேப்பிலையும் வசம்பும். கதைகள் ஏன் அடியில் என்றால், "பிள்ளையளுக்குக் கை எட்ட வேணுமே" என்பார். அப்பாவின் கணக்குக் கொப்பிகளுக்கு அங்கே ஒருபோதும் இடம் கிடைத்ததில்லை.

1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள். மறுபிரதி யாராவது ஒருவர் வீட்டு அலுமாரியில் இருந்தால்தான் உண்டு என்ற நிலை பல நூல்களுக்கு அன்று வந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் தனியார் சேகரிப்புகள் பெருந்துணையாயின.

அதற்குச் சற்று முன், 2004 டிசம்பர் 26இல், கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மேல்தட்டு தப்பியது. கதைப் புத்தகங்கள் சேற்றோடு சேறாயின. பெயர் எழுதியிருந்த முதற்பக்கங்களை அம்மா வெயிலில் காயவிட்டுப் பார்த்தார், மை நிற்கவில்லை.

இப்போது கதைகள்தான் மேல்தட்டில். பேரப்பிள்ளைகள் எட்டி எடுக்க, பக்கத்தில் ஒரு முக்காலி வைத்திருக்கிறோம்.