கடல் அமிலமாதலும் சிப்பிகளும்

மனிதச் செயல்பாடுகளால் காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கு கடலில் கரைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறக்குறைய 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு இன்று சுமார் 8.1. மடக்கை அளவுகோல் என்பதால், சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு ஹைட்ரஜன் அயனிகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்வைக் குறிக்கும். கடல்நீர் இன்னும் காரத்தன்மை கொண்டதுதான். ‘அமிலமாதல்’ என்பது அது நகரும் திசைக்கான பெயர்.

சிப்பிகள் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அயனிகள் இதனால் குறைகின்றன. அதிகம் அடிபடுவது இளம்புழுப் பருவம். முட்டை கருவுற்ற முதல் இரண்டு நாட்களுக்குள், கருவூண் சேமிப்பைக் கொண்டே, எளிதில் கரையும் அரகோனைட் என்ற கார்பனேட் கனிமத்தால் முதல் ஓட்டை இளம்புழு கட்டியாக வேண்டும். நீர் ஒத்துழைக்காவிட்டால் சேமிப்பு தீர்ந்துவிடும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாக் குஞ்சுப் பண்ணையில் 2007–08 காலத்தில் பசிபிக் சிப்பியின் இளம்புழுக்கள் பெருமளவில் மடிந்தன. முதலில் பாக்டீரியாவையே சந்தேகித்தார்கள். ஆழத்திலிருந்து மேலெழுந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த குளிர்நீரே காரணம் என 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. பண்ணைத் தொட்டிகளில் சோடியம் கார்பனேட் கலந்து சமாளிக்கிறார்கள். திறந்த கடலுக்கு அந்த வைத்தியம் எட்டாது.

வளர்ந்த சிப்பி ஒன்று, சாதகமான சூழலில், செவுள்களால் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும். பாசித்துகளும் வண்டலும் நீங்குவதால் ஒளி அடிமட்டக் கடற்புல்வரை இறங்குகிறது. இளம்புழுக்கள் தேறாத இடத்தில் சிப்பிப் படுகை மெலிந்து, நீர் கலங்கலாகவே நிற்கும்.