அக்கா பொண்ணுக்குக் கதைப் புத்தகமா? முதல்ல ஒரு பக்கத்தை எண்ணிப் பாருங்க!

பலகையில் 'பாரதி சாலை'. திருவல்லிக்கேணிக்காரங்களுக்கு அது இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடுதான். அங்கே பிளாட்பாரப் பழைய புத்தகக் கடை முன்னாடி குனிஞ்சு நிக்கிறீங்க. மூணாங்கிளாஸ் படிக்கிற அக்கா பொண்ணுக்கு ஒரு புத்தகம் வேணும். பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற படப் புத்தகத்தை எல்லாம் அவ தாண்டிட்டா. இது அத்தியாயம் அத்தியாயமா போகிற அவளோட முதல் புத்தகம்.

ஆங்கிலப் புத்தகம்னா வேலை சுலபம். பின்னட்டையில் வயது போட்டிருக்கும். பெயரை கூகுள்ல தட்டினா 'லெக்ஸைல்' எண், படிக்க ஆகும் நேரம் எல்லாம் வந்து விழும். தமிழ்ப் புத்தகத்தில் பெரும்பாலும் 'சிறுவர் நாவல்' என்பதோடு சரி. அது 8 வயசுக்கா, 13 வயசுக்கா?

அந்த ஆங்கில அளவுகோலை அப்படியே தமிழுக்குத் தூக்கிட்டு வரவும் முடியாது. பிரபலமான ஃப்ளெஷ்-கின்கெய்ட் சூத்திரம் 1975-ல் அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது. வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்பதுதான் அதன் கணக்கு. தமிழிலோ 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது ஒரே சொல்! அந்தச் சூத்திரத்தில் போட்டால் பாட்டி வடை சுட்ட கதைகூட பிஹெச்.டி ஆய்வேடு மாதிரி தெரியும்.

நம்ம பிள்ளைகள் தடுக்கி விழுற இடமே வேற. வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. தெரிஞ்ச சொல்லே தெரியாத முகத்தோடு நிற்கும். இதைக் கவனிக்காம என் அண்ணன் பையனுக்கு ஒரு சரித்திர நாவலை வாங்கிக் கொடுத்தேன். மூணாவது பக்கத்தில் 'தமிழ் கஷ்டம் அத்தை'ன்னு மூடினவன், அப்புறம் ஒரு வருஷம் தமிழ்ப் புத்தகமே தொடலை. தப்பு அவன் மேல இல்லை.

அதனால் ஐந்து விரல் சோதனையைக் கொஞ்சம் மாத்திச் செய்யுங்க. நடுவுல ஒரு பக்கத்தைத் திறந்து, சத்தமா படிக்கச் சொல்லுங்க. புரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கணும். ஆனா, அந்தச் சொல்லை நீங்க பேச்சு வழக்கில் சொன்னதும் 'ஓ, அதுவா!'ன்னா விரலை நிமிர்த்திடலாம். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். இரண்டு, மூணு மடங்கினா அதுதான் சரியான புத்தகம். ஒண்ணுமே மடங்கலைன்னா? அதையும் வாங்குங்க. ஈஸியான புத்தகத்தைப் படிக்கிறது குத்தமா என்ன?

நேரக் கணக்குக்கு வருவோம். 2021-ல் மத்திய அரசு தொடங்கிய 'நிபுன் பாரத்' திட்டத்தின் இலக்கு, மூன்றாம் வகுப்புக் குழந்தை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் புரிந்து படிக்கணும் என்பது. தமிழ்ச் சொற்கள் நீளம். உங்க வீட்டுப் பிள்ளை 40 படிச்சாலும் பதற வேண்டாம்.

படங்கள் போக 60 பக்கம், பக்கத்துக்கு 120 சொல்னு வைங்க. மொத்தம் 7,200. நிமிடத்துக்கு 60 சொல்னா 2 மணி நேரம். 40-னா 3 மணி நேரம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் 15 நிமிடம் உட்கார்ந்தா 8 நாள் அல்லது 12 நாள். ஒரு அத்தியாயம் 15 நிமிடத்துக்குள் முடியுதான்னும் பாருங்க. பாதியில் நிற்கிற அத்தியாயம் மறுநாள் பெரும்பாலும் திறக்காது.

வாங்குறதுக்கு முன்னாடி பிள்ளை எங்கே நிற்கிறாள்னு தெரியணுமா? உங்க போனிலேயே பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தைத் திறங்க. இலவசம், தமிழிலும் உண்டு. கதைகளை 4 நிலைகளாகப் பிரிச்சிருக்காங்க. முதல் நிலை 250 சொல்லுக்குள். நான்காவது 1,500-க்கு மேல். நான்காவது நிலையைத் தடங்கல் இல்லாம முடிச்சா, அத்தியாயப் புத்தகத்துக்கு அவ ரெடி என்பது என் கணக்கு.

புதுசா வாங்குறதா இருந்தா, பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய தமிழ்ப் புத்தகங்களிலிருந்து தொடங்கலாம். எஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025) எல்லாம் அந்த வரிசையில் வருபவை. விருது வாங்கின புத்தகம்னாலும் விரல் சோதனை உண்டு. 'மரப்பாச்சி' குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பேசுகிற கதை. அதை மட்டும் முதல்ல நீங்க படிச்சிட்டு, அப்புறம் அவகூட சேர்ந்து படிங்க.

முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. இரண்டாவதை அவகிட்ட விட்டுட்டு, போனை எடுத்துக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுங்க.