கீமோவுக்கு முன் கணுவில் வைத்த குறி: ஒரு மறுவாசிப்பு

மார்பகப் புற்றுக்கு முதலில் கீமோ, பிறகு அறுவை என்ற வரிசை பரவியதும் ஒரு சிக்கல் எழுந்தது. மருந்து நன்றாக வேலை செய்தால் அக்குளின் நிணநீர்க் கணுவில் கட்டியிருந்த நெறி கரைந்துவிடும். புற்று என்று ஊசியால் உறுதி செய்த கணு எது என்று பின்னர் தெரியாது. அதற்காகவே முன்கூட்டி அந்தக் கணுவுக்குள் சிறு உலோகக் கிளிப் வைக்கும் வழக்கம் வந்தது. குறியே தேவையில்லை என்போர் காட்டும் முக்கியச் சான்று, நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தின் ஆன்ட்ரியா பாரியோ குழு 2021-ல் வெளியிட்ட கட்டுரை.

அதன் தரவில் குறையில்லை. கீமோவுக்குப் பின் சாயம் முதலில் சென்று சேரும் முன்காவல் கணுக்களில் மூன்றோ அதற்கு மேலோ எடுத்து, எதிலும் புற்று இல்லாத 234 பெண்களுக்கு அக்குள் கணுக்களை முழுதாக அகற்றவில்லை. சுமார் 40 மாதக் கண்காணிப்பில் அக்குளில் நோய் திரும்பியது ஒருவருக்கு மட்டுமே. அவர் கதிர்வீச்சை மறுத்தவர். குறி தேவையில்லை என்போரின் வாசிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் அந்த 234 பேரில் 164 பேருக்குக் கணுப் பகுதிக்கும் கதிர்வீச்சு கிடைத்தது. கணுவில் நோய் எஞ்சவே இல்லையா, எஞ்சியதைக் கதிர்வீச்சு அழித்ததா என்பதை நோய் திரும்பிய கணக்கு பிரித்துக் காட்டாது.

இங்கே அதிகம் பேசப்படாத ஓர் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் இசட்1071 ஆய்வில் கிளிப் வைத்த பெண்களைப் பற்றி ஜூடி பௌகி 2016-ல் வெளியிட்டது அது. அறுவையில் கிளிப் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் 141 பேர். 107 பேருக்கு அது முன்காவல் கணுவில் இருந்தது; அவர்களிடம் முன்காவல் கணுச் சோதனை புற்றைத் தவறவிட்ட விகிதம் 6.8%. மீதி 34 பேருக்கு வேறு கணுவில் இருந்தது, அங்கே 19%. கிளிப்பே வைக்காதவர்களிடம் 13.4%.

எண்ணிக்கை சிறியது. 6.8% என்பதன் நம்பக எல்லையே 1.9 முதல் 16.5 வரை விரிகிறது. அதை மட்டும் வைத்துக் கிளிப்பின் வெற்றியைப் பறைசாற்ற இயலாது. ஆனால் அந்த 34 பேரை ஒதுக்கவும் முடியாது. 141-ல் அவர்கள் 24%. அதே ஆண்டு எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் அபிகெயில் காடல் குழு தனியாகக் கண்டதும் 23%. இரண்டு இடத்திலும் நாலில் ஒருவருக்குச் சாயம் ஒரு கணுவுக்கும் புற்று வேறு கணுவுக்கும் போயிருக்கின்றன. குறி வைத்த கணுவையும் தேடி எடுத்தபோது காடல் குழுவின் தவறும் விகிதம் 10.1-லிருந்து 2 சதவீதமாக இறங்கியது. ஆகவே திருப்புமுனை கிளிப் வைத்தது அல்ல. அதைத் தேடி எடுத்தது.

இவ்வாதத்துக்கு எதிரான சான்றும் உண்டு. 2024-ல் வெளியான, 1,144 பெண்களைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில் மூன்றாண்டுக்குள் அக்குளில் நோய் திரும்பியது குறி தேடியவர்களிடம் 0.5%, தேடாதவர்களிடம் 0.8%, பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் கதிர்வீச்சு பெற்றவர்களே. வழக்கு தீரவில்லை.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வாணி பர்மார் குழு வேறு வழியில் சென்றது. சாயத்தையோ கிளிப்பையோ நம்பாமல் அக்குளின் கீழ்ப்பகுதிக் கொழுப்பையும் கணுக்களையும் சேர்த்தெடுப்பது அவர்கள் முறை. கீமோ பெற்றவர்களில் இது முன்காவல் கணுச் சோதனையைவிடக் குறைவாகவே தவறியது என்று 2020-ல் காட்டினார்கள். முன்காவல் கணுவைத் தேடும் காமா கருவி இல்லாத அறுவை அரங்குகளுக்கு இது பெரிய செய்தி.

வத்திராயிருப்பை அடுத்த கூமாப்பட்டியில் ஒரு பெண்ணுக்கு இந்நோய் வந்தால், ஸ்கேன் ஸ்ரீவில்லிபுத்தூரில், கீமோ மதுரையில், அறுவை வேறோர் ஊரில் என்று சிகிச்சை சிதறக்கூடும். குறி வைப்பவர் ஒருவர், தேடுபவர் இன்னொருவர். எந்தக் கணுவில், என்று, என்ன கிளிப் வைக்கப்பட்டது; கிளிப் இல்லையென்றால் கீமோவுக்கு முன் எத்தனை கணுக்கள் வீங்கியிருந்தன, எங்கே இருந்தன என்ற குறிப்பு அந்தப் பெண்ணின் கையிலுள்ள கோப்பில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.