கடைகளில் ஏற்படும் தீக்காயங்களும் இழப்பீட்டு உரிமையும்

பொருள் வாங்கக் கடைக்குப் போனவரோ, அங்கே வேலை பார்ப்பவரோ தீ, வெடி, கொதிக்கும் எண்ணெய், அமிலம் ஆகியவற்றால் காயப்பட்டால், கடையை நடத்துபவரிடமும் பொருளைத் தயாரித்தவரிடமும் இழப்பீடு கேட்க இந்தியச் சட்டத்தில் இடம் உண்டு. இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. நுகர்வோர் சட்டம், தீங்கியல் சட்டம், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வெடிபொருள் விதிகள் எனப் பல இடங்களில் இந்த உரிமை சிதறிக் கிடக்கிறது. விபத்து நடந்ததும் அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையோடு விஷயம் முடிந்தது என்று பல குடும்பங்கள் நினைத்துவிடுகின்றன. நிவாரணம் அரசு மனமுவந்து தருவது. இழப்பீடு சட்டப்படி கேட்டுப் பெறுவது. நிவாரணக் காசோலையை வாங்கிய குடும்பமும் கடைக்காரர்மீது வழக்குத் தொடுக்கலாம்.

பள்ளிப்பட்டு, 2009

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. 2009 அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை, மறுநாள் தீபாவளி. கடைசி நேரக் கூட்டம் பட்டாசு வாங்கிக்கொண்டிருந்தபோது கடையில் தீப்பற்றியது. 32 பேர் இறந்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து பட்டாசு வாங்க வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனைக் கடை ஒன்றில் நடந்த மிகக் கொடிய விபத்துகளில் இது ஒன்று.

பள்ளிப்பட்டுக்குப் பிறகும் இது நிற்கவில்லை. 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்திலும், 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும் பட்டாசுக் கடை, கிடங்கு விபத்துகள் உயிர்களைப் பறித்தன. பழையபேட்டையில் கடைக்குச் சம்பந்தமே இல்லாத அக்கம்பக்கத்தாரும் மாண்டனர்.

கடைக்காரரின் கடமை

பட்டாசுக் கடை எப்படி இருக்க வேண்டும் என்பதை 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் அளவோடு சொல்கின்றன. நிரந்தரக் கடையின் பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையவும் 25 சதுர மீட்டரை மீறவும் கூடாது. கடை தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். மேலே குடித்தனம் இருக்கக் கூடாது. அவசரமாக வெளியேறத் தனி வழி வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகள் எளிதில் தீப்பிடிக்காத பொருளால் கட்டப்பட வேண்டும். ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளி வேண்டும். எதிரெதிரே இருக்கக் கூடாது. ஓரிடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்குக்கும் தொங்கும் மின்கம்பிக்கும் இடமில்லை.

வழக்கில் இந்த அளவுகளுக்கு நேரடிப் பயன் உண்டு. கடைக்காரர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற பொதுவான கேள்வி, விதி மீறப்பட்டதா என்ற குறிப்பான கேள்வியாக மாறிவிடுகிறது. வெளியேறும் வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது என்று தீயணைப்புத் துறையின் அறிக்கை சொன்னால் அதுவே வலுவான சான்று. விபத்துக்கான காரணம் முழுக்கக் கடைக்காரரின் கட்டுப்பாட்டில் இருந்து, கவனம் இருந்திருந்தால் நடந்திருக்கவே முடியாது என்ற நிலையில், ‘நிகழ்வே பேசும்’ என்ற கோட்பாட்டை நீதிமன்றம் ஏற்கும். தன்மீது தவறில்லை என்று காட்டும் பொறுப்பு அப்போது கடைக்காரர் பக்கம் போய்விடும்.

ஆபத்தான தொழிலுக்கு இன்னும் கடுமையான அளவுகோல் உண்டு. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1986 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் முழுமைப் பொறுப்புக் கோட்பாட்டை வகுத்தது. அபாயகரமான தொழிலை நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், அதனால் விளைந்த தீங்குக்கு அவரே பொறுப்பு என்பது அதன் சாரம்.

எங்கே முறையிடுவது

வாடிக்கையாளருக்கு முதலில் கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. பாதுகாப்பற்ற கடையில் விற்பது சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். வாங்கிய பொருளே வெடித்துச் சுட்டால் பொருள் பொறுப்பு என்ற அத்தியாயத்தின்கீழ் தயாரிப்பாளரிடம் கேட்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றவரும், எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்துக் கொடுக்காதவரும், தன் கையால் பொருளை மாற்றி அமைத்தவரும் விற்பனையாளராகவே சிக்குவார்கள். பெயரில்லாத பெட்டியில் வரும் பட்டாசுக்கு இந்த விதி முக்கியமானது.

இந்தச் சட்டம் கொண்டுவந்த இரண்டு மாற்றங்கள் பள்ளிப்பட்டு போன்ற எல்லை ஊர்களுக்குப் பெரிதும் பொருந்தும். 1986-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. சித்தூர் மாவட்டத்துக்காரர் திருவள்ளூருக்கு அலைய வேண்டும். இப்போது புகார்தாரர் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே கொடுக்கலாம். அடுத்து, எந்த ஆணையத்துக்குப் போவது என்பதைக் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலையே தீர்மானிக்கிறது. 500 ரூபாய்க்குப் பட்டாசு வாங்கியவர் 60 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். புகார்க் கட்டணமும் இல்லை. விலையை வைத்து எல்லை வகுக்கும் இம்முறை செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

கடையில் எதுவும் வாங்காத வழிப்போக்கரும் பக்கத்து வீட்டுக்காரரும் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தது. அதையும் கட்ட வழியில்லாதவர் வறியவர் மனுவாகத் தாக்கல் செய்யலாம். உயிரிழப்பு நேர்ந்தால் 1855-ஆம் ஆண்டு உயிர்போக்கு விபத்துகள் சட்டத்தின்படி மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் சார்பில் வழக்குத் தொடுக்கலாம்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் ஒரு வழி. 2021 பிப்ரவரியில் விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலை விபத்தை அது தானாக முன்வந்து விசாரித்து, உயிரிழப்புக்கு 20 லட்சமும், உடலில் 50 விழுக்காட்டுக்கு மேல் எரிந்தவர்களுக்கு 15 லட்சமும் எனத் தீக்காய அளவின்படி இழப்பீட்டைப் படிப்படியாக வகுத்தது. ஆலைக்காகச் சொன்னதுதான் என்றாலும், தீக்காய வழக்குகளில் எடுத்துக்காட்டக்கூடிய அளவுகோல் அது.

உரிமம் தந்தவர்களின் பொறுப்பு

கடைக்காரரிடம் சொத்து இல்லை என்றால் அரசைக் கேட்கலாமா? இந்தக் கேள்வி உபகார் வழக்கில் நேராக எழுந்தது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் திரையரங்கில் மின்மாற்றியிலிருந்து பரவிய தீயும் புகையும் 59 பேரைக் கொன்றன. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. பாதிக்கப்பட்டோர் சங்கம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டது. 2003-இல் உயர் நீதிமன்றம் 20 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 18 லட்சமும் மற்றவர்களுக்கு 15 லட்சமும் விதித்தது. 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை 10 லட்சமாகவும் 7.5 லட்சமாகவும் குறைத்தது. பொறுப்பில் 85 விழுக்காடு திரையரங்குக்கும் 15 விழுக்காடு மின்வாரியத்துக்கும் போனது. உரிமம் வழங்கிய காவல் துறையும் மாநகராட்சியும் இழப்பீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. கெட்ட எண்ணமோ அதிகார துஷ்பிரயோகமோ நிறுவப்படாமல், உரிமக் கடமையில் தவறியதற்காக மட்டும் அதிகாரிகளிடம் பணம் கேட்பது கடினம் என்ற நிலை அதனால் உறுதிப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பார்த்தால் இது பெரிய ஓட்டை. விதி மீறிய கடைக்குக் கையெழுத்துப் போட்டவர் தப்பிக்கொள்ள, வெந்தவரின் குடும்பம் ஒரு சிறு வியாபாரியின் எரிந்துபோன சொத்தைத் துரத்த வேண்டியிருக்கிறது.

எரிவாயு, அமிலம், கொதிக்கும் பண்டம்

உரிமம் பெற்ற சமையல் எரிவாயு இணைப்பில் விபத்து நேர்ந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டு. நாடாளுமன்றத்தில் அரசு தந்த விவரப்படி உயிரிழப்புக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு நபருக்கு 2 லட்சம் வரை. இதைப் பெற வினியோகஸ்தரிடம் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பெரிய சிலிண்டரிலிருந்து சிறிய சிலிண்டருக்குக் கடையில் திருட்டுத்தனமாக வாயு ஏற்றுவது குற்றம். அங்கே சுட்டுக்கொண்டவர் இந்தக் காப்பீட்டை நம்ப முடியாது, கடைக்காரர்மீதுதான் போக வேண்டும்.

அமிலத்தைச் சில்லறையாக விற்பதற்கு 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் பெயர், முகவரி பதிவேட்டில் இருக்க வேண்டும். அடையாள அட்டை கேட்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது. அமில வீச்சால் பாதிக்கப்பட்டவருக்கு மாநில அரசு குறைந்தது 3 லட்சம் தர வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு.

சூடான பண்டத்தால் வந்த வழக்குகளில் உலகம் அறிந்தது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்தது. 1992-இல் 79 வயதுப் பெண்மணி ஒருவர் மடியில் மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டி, தோல் மாற்று சிகிச்சை செய்யும் அளவுக்கு வெந்துபோனார். காபி 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வைக்கப்பட்டதும், இதே புகார்கள் முன்பே நூற்றுக்கணக்கில் வந்திருந்ததும் விசாரணையில் வெளிப்பட்டன. பேராசை வழக்கு என்று பலரும் கேலி செய்த அந்த வழக்கில் 1994-இல் நடுவர் குழு அளித்த பெருந்தொகையை நீதிபதி மொத்தம் 6,40,000 டாலராகக் குறைத்தார்; பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஆபத்து முன்பே தெரிந்திருந்தும் மாற்றிக்கொள்ளாத விற்பனையாளருக்குப் பொறுப்பு கூடும் என்பதே அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

கடை ஊழியர்

2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடை எரிந்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் தீபாவளிக் கால வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். இப்படிச் சில வாரங்களுக்கு மட்டும் வேலைக்கு வந்தவருக்கும் உரிமை உண்டு. 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது காயம் பட்டது என்பதைக் காட்டினால் போதும், முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டாம் என்று வகுத்தது. இறப்புக்கு மாதக் கூலியில் பாதியையும் நிரந்தர முழு ஊனத்துக்கு 60 விழுக்காட்டையும் வயதுக்கான காரணியால் பெருக்கிக் கணக்கிடுவது அதன் முறை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020 இந்தச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது

1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில் நிறுவன விழாப் பந்தலில் பற்றிய தீயில் 60 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் வெந்தார்கள். அந்த வழக்கில் 2001-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மோட்டார் விபத்து வழக்குகளில் வழங்கும் பெருக்கி முறையைத் தீ விபத்துக்கும் பயன்படுத்தியது. சம்பளமே வாங்காத குடும்பத் தலைவியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டதும் அந்தத் தீர்ப்புதான்.

மருத்துவர் சொல்லும் ஊன விழுக்காடு வேறு, பிழைப்பில் விழுந்த இழப்பு வேறு. விரல்கள் ஒட்டிக்கொண்ட தையல்காரருக்கு ஊனச் சான்றிதழ் 40 விழுக்காடு என்று சொன்னாலும், அவருடைய தொழில் முழுவதும் போயிருக்கலாம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 28 வயதுக்காரரின் வருமான இழப்பு 40 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அந்த வயதுக்குரிய 17 என்ற பெருக்கியின்படி 12,24,000 ரூபாய் வரும். சிகிச்சைச் செலவு, வருங்கால அறுவை சிகிச்சைகள், வலி, உருக்குலைவு, துணைக்கு இருந்தவரின் கூலி ஆகியவை இதற்கு மேல். தழும்பு இறுகி மூட்டு மடங்கிப்போனால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அறுவை தேவைப்படும். அதை ஆரம்ப மனுவிலேயே கேட்டுவைக்க வேண்டும்.

சான்றும் கெடுவும்

திருவள்ளூர் பகுதியில் பெரிய தீக்காயம் என்றால் பெரும்பாலும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குத்தான் கொண்டுபோவார்கள். முதலில் சேர்த்த மருத்துவமனையில் போடும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, வழக்கின் அடிப்படை ஆவணம். ‘வீட்டில் அடுப்பு வெடித்தது’ என்று பதற்றத்தில் யாராவது சொல்லி அது பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எஃப்.ஐ.ஆர். நகல், தீயணைப்புத் துறை அறிக்கை, காயச் சான்றிதழ், மருந்து ரசீதுகள், காயம் ஆறும் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்கள், கடை ரசீது ஆகியவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். ரசீது எரிந்துபோயிருந்தால் யு.பி.ஐ. பரிவர்த்தனைப் பதிவும் உடன் இருந்தவர் சாட்சியமும் உதவும்.

நுகர்வோர் புகாருக்கும் உயிர்போக்கு விபத்து வழக்குக்கும் கெடு 2 ஆண்டுகள். காயத்துக்கான உரிமையியல் வழக்குக்கு 3 ஆண்டுகள். பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 5 ஆண்டுகள். காயப்பட்டவர் சிறுவர் என்றால் உரிமையியல் வழக்கின் கெடு 18 வயது நிரம்பிய பிறகே ஓடத் தொடங்கும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பது வழக்கமான தவறு. அதற்காக இந்தக் கெடு எதுவும் நிற்காது.

கும்மிடிப்பூண்டியில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். அவர்கள் சிறு கடைகளில்தான் பொருள் வாங்குகிறார்கள். ஓரறைக் குடியிருப்புக்குச் சின்ன சிலிண்டரும் அங்கேயே கிடைக்கிறது. விபத்து நேர்ந்தால் பலர் சிகிச்சைக்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கும் உரிமையும் இணையவழித் தாக்கலும் இவர்களுக்குப் பயன்பட வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், தொழிற்சாலைத் தொழிலாளர், பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தரும் பொறுப்பு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உண்டு. அதன் உதவி எண் 15100. நுகர்வோர் உதவி எண் 1915.

கடைக்காரர்கள் எடுக்கும் வழக்கமான தீ விபத்துக் காப்பீடு சரக்கையும் கட்டடத்தையும் மட்டுமே காக்கிறது. வாடிக்கையாளரின் உடலுக்குத் தனியாகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டும். சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. பட்டாசு, எரிவாயு, ரசாயனம் விற்கும் ஒவ்வொரு கடையின் உரிமத்தோடும் அதே கட்டாயத்தை இணைத்தால், தீர்ப்பு வந்தபின் பணம் யாரிடம் வாங்குவது என்ற கேள்வி எழாது.