சிறு கோப்பும் முழுப் பக்கமும்: தமிழ் உரை நினைவகத்துக்கு வரும் வழி

யூனிகோடில் தமிழ் மும்மடங்கு இடம் பிடிக்கிறது என்ற குறை தமிழ்க் கணிமை வட்டாரத்தில் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதை ஆதரித்தோர் சொன்ன காரணங்களுள் இடச் சிக்கனமும் ஒன்று. சிறு கோப்புகளைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பெரும்பாலும் பயனற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். இயங்குதளம் கோப்பை நினைவகத்தில் பைட் பைட்டாக வைப்பதில்லை, பக்கம் பக்கமாகவே வைக்கிறது. குறியாக்கத்தின் சிக்கனம் அந்தப் பக்கத்துக்குள் கரைந்துவிடுகிறது.

இயங்குதளம் பற்றிய இந்தப் பேச்சு தென்சென்னைப் புறநகருக்கு அயலானதன்று. சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வளாகத்தில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையம் இயங்குகிறது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் இம்மையமும் சென்னை சி-டாக்கும் இணைந்து தொடங்கின. டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்ட பாஸ் இயங்குதளம் இம்முயற்சியில் விளைந்தது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே அது பள்ளி மாணவர் கைகளுக்கும் போனது. கீழே வரும் பக்கக் கணக்கு அந்த மடிக்கணினிகளுக்கும் பொருந்தும்.

பக்கத்தின் கணக்கு

‘தாம்பரம்’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி, வரி முடிவுக் குறியோடு கோப்பாகச் சேமிப்போம். சொல்லில் யூனிகோடு குறியீடுகள் எட்டு. யூடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 24, வரி முடிவு 1, ஆக 25 பைட். டேஸ்16 முறையில் ஐந்து எழுத்தும் வரி முடிவும் சேர்ந்து 12 பைட். பாதிக்கும் குறைவு என்பது உண்மை. ஆனால் கோப்பைப் படித்ததும் லினக்ஸ் கெர்னல் அதன் பேஜ் கேஷில் (படித்த கோப்புகளை வைத்திருக்கும் நினைவகப் பகுதியில்) ஒதுக்குவது இரண்டுக்கும் ஒரே அளவு: 4096 பைட் கொண்ட ஒரு முழுப் பக்கம். 64 கிலோபைட் பக்கத்தோடு அமைக்கப்பட்ட ஏஆர்எம் கணினியில் அதே சொல்லுக்கு 65,536 பைட் போகும்.

முழுப் பக்கம் எதற்கு? கோப்பை ரீட் அழைப்பாலும் படிக்கலாம், எம்மேப் வழியே நிரலின் முகவரி வெளியில் நேராகப் பொருத்தியும் படிக்கலாம். இரண்டு வழியிலும் ஒரே உள்ளடக்கம் தெரிய வேண்டுமானால் அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வன்பொருள் முகவரிகளைப் பக்க அளவில்தான் பொருத்தித் தரும் என்பதால் அந்த இடம் பக்கமாகவே அமைகிறது. கோப்பு 25 பைட்டில் முடிந்தாலும் எஞ்சிய 4071 பைட்டையும் கெர்னல் சுழியத்தால் நிரப்பியாக வேண்டும். நிரப்பாவிட்டால் அந்தப் பக்கத்தை முன்பு பயன்படுத்திய வேறொரு நிரலின் தரவு எம்மேப் செய்தவர் கண்ணில் படும். இது பாதுகாப்புக் குறை. ஆகவே சுழியமிடுதலைச் சிறு கோப்பு வாசிப்பின் இன்றியமையாத பாதி என்றே கொள்ள வேண்டும்.

ஐநோடுக்குள் உரை

குறியாக்கத்தின் அளவு முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இன்லைன் டேட்டா என்னும் வசதி 2013இல் வெளிவந்த லினக்ஸ் 3.8இல் சேர்ந்தது. மிகச் சிறிய கோப்புக்குத் தனி வட்டுத் தொகுதி ஒதுக்காமல், கோப்பின் விவரங்கள் இருக்கும் ஐநோடுக்குள்ளேயே உரையை வைப்பது இது. வழக்கமாகத் தொகுதி முகவரிகள் இருக்கும் 60 பைட் முதலில் நிரம்பும். மீதி ஐநோடில் பண்புகளுக்கென உள்ள இடத்துக்குப் போகும். 256 பைட் ஐநோடில் இரண்டும் சேர்ந்தாலும் 160 பைட்டைத் தாண்டாது. தமிழில் அது அதிகம் போனால் 53 குறியீடு.

‘தாம்பரம் குரோம்பேட்டை’ என்ற இரு பெயரும் இடைவெளியும் யூடிஎஃப்-8இல் 24, 1, 36 என 61 பைட். முதல் 60 பைட்டுக்குள் அடங்காமல் ஒரு பைட் வழிகிறது. டேஸ்16இல் 24 பைட்டோடு முடிந்துவிடும். மும்மடங்கு வாதத்துக்கு வலுச் சேர்க்கும் எடுத்துக்காட்டு இதுவே. ஆனால் இவ்வசதி இயல்பாக இயங்குவதில்லை. கோப்பு முறைமையை உருவாக்குபவர் கேட்டுப் பெற வேண்டும். கேட்காத கணினியில் 24 பைட்டும் 61 பைட்டும் வட்டிலும் ஆளுக்கொரு தொகுதிதான்.

வசதி இருக்கும் இடத்திலும் ஆதாயம் எதில் என்று பார்க்க வேண்டும். 4096 பைட் தொகுதி ஒன்றில் 16 ஐநோடுகள் அடங்கும். ஒரே வட்டு வாசிப்பில் 16 சிறு கோப்புகளின் உரையும் வந்து சேர்கிறது. இரண்டாம் வாசிப்பு மிச்சம். ஆனால் அப்பதினாறையும் ஒரு நிரல் திறந்து படித்தால், உரை ஒவ்வொன்றும் ஐநோடு தொகுதியிலிருந்து தனித்தனிப் பக்கத்துக்குப் படியெடுக்கப்பட்டு எஞ்சிய பகுதி சுழியமாகிறது. 2,560 பைட்டுக்கு மிகாத உரைக்கு 65,536 பைட் நினைவகம் செலவாகிறது. மூலப்படியும் ஐநோடு தொகுதியில் இருக்கவே செய்கிறது. ஆகவே இன்லைன் வசதி நேரத்தை மிச்சப்படுத்துகிறது, வட்டிடத்தை மிச்சப்படுத்துகிறது; நினைவகத்தை மிச்சப்படுத்துவதில்லை.

எழுதும்போது சிக்கல் கூடும். எம்மேப் வழியே பக்கத்தில் எழுத முற்பட்டால் எக்ஸ்ட்4 உரையை ஐநோடிலிருந்து வெளியேற்றிச் சாதாரணத் தொகுதிக்கு மாற்றிவிடும். படிக்க மட்டுமான ஈரோஃப்எஸ் முறைமைக்கு இந்தத் தொல்லை இல்லை. 2018இல் ஹுவாவே பொறியாளர்கள் லினக்ஸுக்குக் கொண்டுவந்த அம்முறைமை கோப்பின் வால்துண்டை ஐநோடை அடுத்தே வைக்கிறது. இத்தகைய இன்லைன் வாசிப்பைக் கையாளும் லினக்ஸின் பொதுவான ஐஓமேப் நூலகம் தொடக்கத்தில் இன்லைன் உரை கோப்பின் முதல் பக்கத்தில்தான் வரும் என்று கொண்டிருந்தது. பெரிய கோப்பின் வாலும் இன்லைனாக இருக்கலாம் என்பதற்காக 2021இல் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது.

முடிபு

இயங்குதளப் பாடத்தில் பொதுவாக நினைவக மேலாண்மை ஓர் அலகு, சேமிப்பு மேலாண்மை வேறோர் அலகு. சிறு கோப்பு வாசிப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இரண்டிலும் விடுபடக்கூடும். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை உள்ள பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் இதை ஒரு பயிற்சியாகவே வைக்கலாம்: 25 பைட் கோப்பை எம்மேப் செய்து, 26ஆம் பைட் முதல் பக்க முடிவு வரை சுழியம்தானா என்று மாணவர் அச்சிட்டுப் பார்க்கட்டும்.

தமிழ்த் தரவுத் தொகுப்பாளர்களுக்கு இதிலிருந்து மூன்று முடிவுகள். சிறு கோப்புகளின் இடச் சிக்கனத்துக்காக யூடிஎஃப்-8ஐக் கைவிட வேண்டியதில்லை. சொல்லுக்கொரு கோப்பு, பாட்டுக்கொரு கோப்பு என்று ஆயிரக்கணக்கில் சிதறவிடாமல் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் பக்கம் நிரம்பும், குறியாக்கத்தின் அளவும் கணக்கில் வரும். மாறாத தொகுப்பானால் படிக்க மட்டுமான முறைமையில் வெளியிடுவது நல்லது. எழுத்துக்கு எத்தனை பைட் என்ற கேள்வியைவிட ஒரு பக்கத்தில் எத்தனை எழுத்து என்ற கேள்வியே கணினிக்குப் பொருந்தும்.