பகல் உறக்கத்தின் வைத்திய சரித்திரம்

பகலில் உறங்கி விழுகிறவனை வைத்தியரிடம் அழைத்துப் போகவேண்டும் என்ற எண்ணம் எந்தக் குடும்பத்துக்கும் இலேசில் உதிப்பதில்லை. இலேசாகச் சுரம் கண்டாலே கஷாயம் வைக்கிற பாட்டிகூட, எந்நேரமும் கண் சொக்கியபடி இருக்கும் பேரனைக் கும்பகர்ணன் என்று பரிகசிப்பதோடு நிறுத்திக்கொள்வாள்; பின்னாளில் அவன் உத்தியோகத்துக்குப் போனால், மேலதிகாரி அதையே சோம்பேறித்தனம் என்று குறித்துவைப்பார். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே கதைதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-ல் வெளியிடத் தொடங்கிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில், நின்றபடியே உறங்கிவிடும் ஜோ என்னும் பருத்த பையன் வாசகர்களைச் சிரிக்கவைப்பதற்கென்றே வருகிறான்.

இந்தச் சிரிப்பை விலக்கிவிட்டு நோயாளியின் வாய்மொழியைப் பொறுமையாகக் கேட்டவர்களில் முக்கியமானவர், பிரெஞ்சுக் கடற்படையில் வைத்தியராக இருந்த ஜெலினோ. அவரிடம் வந்தவர் 38 வயதான ஒரு மதுப்பீப்பாய் வியாபாரி. ஒரே நாளில் 200 தடவை வரையில் உறக்கம் அவரை ஆட்கொண்டது. அதைவிட விசித்திரமான ஓர் உபாதையும் அவருக்கு இருந்தது. வாய்விட்டுச் சிரித்தால் கால்கள் துவண்டுவிடும். சீட்டாடும்போது நல்ல சீட்டுகள் கைக்கு வந்துவிட்டால், அந்த மகிழ்ச்சியிலேயே அசையமுடியாமல் உறைந்துபோவார். இது காக்காய் வலிப்பைச் சேர்ந்ததன்று, தனிப்பட்ட வியாதி என்று வாதாடிய ஜெலினோ, 1880-ல் அதற்கு நார்கோலெப்ஸி என்று பெயர் சூட்டினார். பெர்லினில் வெஸ்ட்ஃபால் என்பவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய நோயாளி ஒருவரைப்பற்றி எழுதியிருந்தார். ஆயினும் நிலைத்தது ஜெலினோ இட்ட பெயரே.

பெயர் கிடைத்ததே தவிர, காரணம் கிடைக்கவில்லை. 1935-ல் ஆம்ஃபெட்டமின் மருந்து வந்து சிலரை விழித்திருக்கச் செய்தது. வேறு சிலரை மனோதத்துவ நிபுணர்கள் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, உறக்கத்துக்கு அடியில் ஏதோ அடக்கப்பட்ட ஆசை இருப்பதாக வியாக்கியானம் செய்தார்கள்.

சரித்திரத்தின் விநோதம் என்னவென்றால், அடுத்த பிரசித்தமான நோயாளியும் சீட்டாட்டக்காரரே. பாஸ்டன் நகரில் பர்வெல் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1956-ல் வெளியிட்ட கட்டுரையில் வருகிற அந்தப் பருத்த வர்த்தகர், போக்கர் ஆட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் சேர்ந்திருக்க, பந்தயத்தை உயர்த்தாமலே உறங்கிவிட்டார். சில நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பணத்தைக் கண்டால் விழித்துக்கொள்ளாத உறக்கம் நிச்சயமாக வியாதிதான் என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும்! டிக்கன்ஸின் பையனை நினைவுகூர்ந்து அவ்வைத்தியர்கள் அந்நிலையைப் பிக்விக் நோய் என்றழைத்தார்கள். இரத்தத்தில் கரியமிலவாயு மிகுவதால் விளையும் மயக்கமே அது என்பது அவர்கள் முடிவு. நோயாளியின் மூச்சு ஒழுங்கின்றி விட்டுவிட்டு வந்ததையும் அவர்கள் குறித்திருந்தார்கள். ஆனால் உறக்கத்தின் காரணத்தை அங்கே தேடவில்லை.

வைத்தியர்கள் பகலிலேயே நோயாளியைப் பார்த்தார்கள். சாட்சியமோ இரவில் இருந்தது. அதைத் தேடி மார்செய் நகரத்தில் காஸ்டோவும் அவருடைய குழுவினரும், ஜெர்மனியில் யூங், கூலோ என்ற இருவரும் 1965-ல் இத்தகைய நோயாளிகள் உறங்கும்போதே மூளையலைகளையும் சுவாசத்தையும் கருவிகளால் பதிவுசெய்தார்கள். தொண்டை அடைபடுகிறது, மூச்சு நிற்கிறது, மூச்சுக்காக மூளை ஒரு கணம் விழிக்கிறது, குறட்டையோடு மறுபடி உறக்கம் தொடங்குகிறது. இரவு முழுவதும் நூற்றுக்கணக்கான தடவை இவ்வாறு விழிக்கிறவருக்குக் காலையில் அதில் ஒன்றுகூட நினைவிருப்பதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் எல்லாம் தெரியும்.

ஆனால் இந்த நோயாளிகளை யாரிடம் அனுப்புவது? நரம்பு வைத்தியர், நுரையீரல் வைத்தியர், காது மூக்குத் தொண்டை வைத்தியர் என்று ஒவ்வொருவரும் தத்தம் பங்கை மட்டும் பார்த்து அடுத்தவரிடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் டெமென்ட், ஆராய்ச்சிக்கு நார்கோலெப்ஸி நோயாளிகள் அகப்படாமல், சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் போட்டார். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பதில் எழுத, அவர்களில் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு உண்மையாகவே அந்நோய் இருக்கக் கண்டார். அவர்களுக்காக 1964-ல் ஏற்பட்ட கிளினிக், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர மறுத்ததாலும், நோயாளிகளிடம் ரொக்கம் இல்லாததாலும் மூடப்பட்டது. 1970-ல் மீண்டும் தொடங்கியபோதுதான் உறக்க வியாதிகளுக்கென்றே ஒரு வாசல் நிலையாகத் திறந்தது. ஒரு சாஸ்திரம் தாமதமாவதற்கு அறியாமையைப் போலவே கட்டண ரசீதும் காரணமாகலாம் என்பதை வைத்திய சரித்திரம் எழுதுகிறவர்கள் அதிகமாகச் சொல்வதில்லை.

அதன்பின் கருவிகள் விரைவாக வந்தன. 1970-களில் மேரி கார்ஸ்கடனும் டெமென்டும் வகுத்த பரீட்சையில், நோயாளியைப் பகலிலேயே இரண்டு மணிக்கொரு தரம் இருட்டறையில் படுக்கவைத்து, 20 நிமிஷத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் உறங்குகிறார் என்று அளக்கிறார்கள். சிட்னியில் காலின் சல்லிவன் 1981-ல் மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் முறையை வெளியிட்டார்; அதற்குமுன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே கதியாக இருந்தது. மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் 1991-ல் எட்டுக் கேள்விகள் அடங்கிய எப்வொர்த் அளவுகோலைத் தந்தார். புத்தகம் படிக்கையில், போக்குவரத்து நெரிசலில் வண்டி சிறிது நிற்கையில் உறங்கிவிடுவீர்களா என்பன போன்ற சாதாரணக் கேள்விகள்தான். விடைகளுக்குரிய மொத்த மதிப்பெண் 24-க்குப் பத்தைத் தாண்டினால் குடும்ப வைத்தியர் நிபுணருக்குக் கடிதம் எழுத நியாயம் உண்டு.

இவ்வளவும் வந்த பிறகும், நார்கோலெப்ஸி நோயாளிக்கு முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் நிர்ணயமாவதற்கு 8 முதல் 15 ஆண்டுகள் வரை கழிவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகையால் இரவெல்லாம் உறங்கியும் பகலில் கண் மூடிவிடுகிற உபாதை உள்ளவர்கள் வைத்தியரைப் பார்க்கச் செல்லும்போது, தம்மோடு ஒரே அறையில் படுப்பவரையும் கூட அழைத்துச் செல்வார்களாக.